தபீதாளோட சத்தம்

இல்ல, மொதல்ல காப்பியக் குடிங்க ஞானையா சார். சர்ச்சுக்குக் கொயர் மாஸ்டரா, பாட்டுக் குழுவுக்கு, நீங்க வந்தே ஒரு மாசந்தான் ஆவுது, என் கதை தெரிஞ்சிருக்காது. ஓ, தெரியுமா? எட்மண்ட் கதைன்னு சொல்லியிருப்பாங்க. அது என் கதை சார்.

நாலு வருஷம் பழகினோம். அவரு பேங்க்ல, நான் சேலையூர்ல டீச்சர். கொயர்ல பெரிய பாட்டுக்காரரு அவருதான். மொத ப்ராக்டிஸ்லயே காதுகிட்ட வந்து, தபீதா, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், சத்தம் வேணாம்னாரு. எவ்ளோ அக்கறைன்னு நெனச்சேன். நாலு கிறிஸ்மஸ், நாலு ஈஸ்டர், மீன் மாதிரி வாயைத் தொறந்து மூடிக்கினு நின்னேன். ஓட்டல்ல எனக்கு என்ன வேணும்னும் சர்வர்கிட்ட அவரே சொல்லிடுவாரு.

முடிஞ்சது பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல. பொங்கல் கூட்டம். அம்மா ஒத்துக்கல, வேற எடம் பாத்துட்டாங்கன்னாரு. ஹார்ன் சத்தத்துல காதுல விழல, இன்னொரு தடவ சொல்லுங்கன்னேன். பொறுமையா திரும்பச் சொன்னாரு. உச்சரிப்பு எப்பவும் சுத்தம் அவருக்கு.

மூணு மாசம் கழிச்சு சர்ச்சுல அவரு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாங்க. தடை ஏதும் இருந்தா சொல்லலாம்னு பாதிரி ஐயர் கேக்கறாரு, மொத்த சபையும் திரும்பி என்னைப் பாக்குது. பக்கத்துல ரத்தினபாய் அக்கா, நான் அழுவேன்னு கைக்குட்டைய எடுத்து ரெடியா வெச்சிருந்தாங்க. அடுத்து பாட்டு. எழுந்து வாயைத் தொறந்தேன். சத்தம் வந்துடுச்சு சார். எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல, ஆர்கனுக்கு மேல போச்சு. எட்மண்ட் ரெண்டாவது சரணத்துல வரிய விட்டுட்டாரு. அக்கா அந்தக் கைக்குட்டையால காதைப் பொத்திக்கிட்டாங்க. எனக்கு அழுகை வரல.

மறுநாள் ஸ்கூல்ல, லீவு போட்டவங்க கிளாஸையெல்லாம் என் தலையில கட்டுற எச்.எம். கிட்ட, முடியாது மேடம்னேன். சரின்னுட்டாங்க. அவ்ளோதானா விஷயம்னு ஆயிடுச்சு. சாயந்தரம் தனியாப் போய் எனக்குப் புடிச்ச ரவா தோசை சாப்ட்டேன்.

இப்ப சொல்லுங்க, எதுக்கு வந்தீங்க. தயங்காதீங்க. சரி, நானே சொல்றேன். எனக்கு சுருதி நிக்கலன்னு மூணு பேரு உங்ககிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்காங்க. உண்மைதான் சார். போன கிறிஸ்மஸுக்கு நான் சத்தமாப் பாடினதை கேசட்டுல புடிச்சிருந்தாங்க, போட்டுக் கேட்டேன். நல்லாவே வெலகுது. அந்த விஷயத்துல எட்மண்ட் பொய் சொல்லல.

செவ்வாக்கெழம தனியா ப்ராக்டிஸ் குடுங்க, வரேன். கடைசி வரிசையில நிறுத்துங்க, நிக்கறேன். மெதுவாப் பாடுன்னு மட்டும் சொல்லாதீங்க.