ஒகல்லாலா வரைக்கும்

— சத்தியப் பிரமாணம் முடிஞ்சாச்சு, மிஸ்டர் டுவோராக். கையை இறக்குங்க.

— இருக்கட்டும், நீதிபதியம்மா. இறக்கினா பழக்கதோஷத்துல புளுகு வந்துடும். இனிமே வாயில வர்றது அத்தனையும் நிஜம், எழுதிக்கோங்க.

— உங்க மகன் ராய்ஸோட சாட்சி நீங்க. அவரை விட்டுப் பிரிஞ்ச லெனோரா, கொலராடோவுல வேலை கிடைச்சுப் போறாங்க. ஏழு வயசு மக டெசாவையும் கூட்டிட்டுப் போகணும்கிறாங்க. கூடாதுங்கிறார் உங்க மகன். நீங்க என்ன சொல்றீங்க?

— போகட்டும்மா.

— அப்பா! நீ என் சாட்சிப்பா!

— நீ சும்மா இருடா. என் பொண்டாட்டி கண்ணை மூடின வருஷம் அடிச்ச பனிக்காத்து ஞாபகம் இருக்காம்மா? எங்க கொடியில காயப்போட்ட கால்சட்டை விறைச்சு, தானா நடந்து, சர்ச்சுல முன்வரிசையில போய் உக்காந்திருந்துச்சு. பாதிரியார் ஆசீர்வாதமே பண்ணிட்டார். எழுதிக்கோங்க.

— எழுத மாட்டோம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— அந்தக் காத்துல பதினோரு நாள் எனக்கு சூப்பு தூக்கிட்டு வந்தா லெனோரா. அப்பவே இவங்க பிரிஞ்சாச்சு. நான் அவளுக்கு யாரு? ஒண்ணுமில்ல. ஆனாலும் வந்தா. நான் ஒரு வாய் முழுங்குற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருப்பா. அந்தப் பொண்ணு நல்லாயிருக்கணும்மா.

— சரி. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை லெனோரா குழந்தையை ஒகல்லாலா வரைக்கும் கொண்டுவருவாங்க. அதுதான் பாதி வழி. அங்கேருந்து இங்க கூட்டிட்டு வர உங்க தரப்புல ஆள் யாரு? ராய்ஸுக்கு ரயில் வேலை. எப்போ கூப்பிடுவாங்கன்னு அவருக்கே தெரியாது. ஆள் இல்லேன்னா டெசா கோடை லீவுக்கு மட்டும்தான் வரமுடியும்.

— நான் இருக்கேனே!

— நூத்தித்தொண்ணூறு மைல், மிஸ்டர் டுவோராக்.

— என் பிக்கப் வண்டிக்கு நான் துணைக்கு இருந்தாப் போதும். ஒருதரம் ஓட்டுறப்போ அசந்து தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா, வண்டி பெட்ரோல் பங்க்ல வரிசையில நிக்குது. யாரையும் முந்தவும் இல்ல.

— கண்பார்வை?

— ஒகல்லாலாவுல இறங்குற கொக்கை இங்கேருந்தே எண்ணுவேன். போன வாரம் ஒண்ணு குறைஞ்சது.

— அப்போ இடமாற்றத்துக்கு அனுமதி. வெள்ளிக்கிழமைகள்ல தாத்தா போவார். பதிவுக்காக உங்க லைசன்ஸ் நம்பரைச் சொல்லுங்க.

— அதை நாலு வருஷம் முன்னாடியே பிடுங்கிட்டாங்கம்மா.

— அப்பா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!

— நீ எங்கடா ஊர்ல இருக்க? வாரம் பூரா ரயில்ல கிடக்குற.

— நீதிபதியம்மா, விடுங்க. நானே போறேன். உள்ளூர் ரயில் யார்டு வேலைக்கு மாத்திக்கிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வு கிடைக்கும். என் பொண்ணு, நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்.

— நல்லது, ராய்ஸ். அப்படியே பதிவு பண்ணிக்கிறேன். மிஸ்டர் டுவோராக், கையை இப்பவாவது இறக்குங்க. லைசன்ஸ் இல்லாம இன்னைக்குக் கோர்ட்டுக்கு எப்படி வந்தீங்க?

— லெனோராதாம்மா கொண்டுவந்து விட்டா. நாலு வருஷமா நான் எங்க போகணும்னாலும் வண்டி ஓட்டுறது அவதான்.