தலைவரின் காரை நான் நிறுத்திய இடம்

மற்றவர்களின் காரில் ஏறினால் நான் இருக்கையை முன்னால் இழுப்பதில்லை. எனக்குக் கால் கொஞ்சம் குட்டை. இழுத்துக்கொண்டால் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் கார்க்காரர் வந்து உட்காரும்போது முட்டி ஸ்டியரிங்கில் இடித்தால், முந்தின நாள் தன்னை வேறொருவன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிடும். அது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பதினொரு வருடமாகக் கால் நுனியால் பிரேக்கை மிதித்துத் தொழில் செய்தவன் நான். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சார், என் குணத்துக்கு ஒரு சான்றாக இருக்கட்டும்.

பெயர் யோம் கி-சோப். வயது ஐம்பத்து நான்கு. குடித்தவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர்கள் காரை அவர்கள் வீடுவரை ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, நடந்து திரும்புவது வேலை. அடையாள அட்டையில் 'மாற்று ஓட்டுநர்' என்று மரியாதையாகத்தான் போட்டிருக்கிறது. குடிக்கிறவர்கள் மாத்து என்பார்கள். "மாத்து வந்தாச்சா?" "டேய், உன் மாத்து வெளிய நிக்குது பாரு." நிற்கிறது என்றுதான் சொல்வார்கள்.

என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர் இந்த வோன்ஜு நகரத்தில் ஒருவர்தான். குவாக் சாங்-தே. மேட்டுச் சந்தைத் தெருவில் பன்றி இறைச்சி சுட்டுப் போடும் சோஜு மதுக்கடையின் முதலாளி. தெருவின் கடைக்காரர் சங்கத் தலைவர். ஆறு வருடம் அவரை வீட்டில் சேர்த்தேன். பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, இரண்டு ஏப்பத்துக்கு நடுவே, "தம்பி, உன்ன மாதிரி ஒருத்தன் என் கூடப் பொறந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்டா" என்பார். எங்கே போயிருப்பார் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

மூடும் நேர விவகாரம் உங்களுக்குத் தெரியும். நோய்க்காலத்தில் வந்த பன்னிரண்டு மணி விதி ஊரெல்லாம் நீங்கிய பிறகும், எங்கள் தெருவில் மட்டும் குடியிருப்புக்காரர்களோடு செய்துகொண்ட உடன்பாடாக ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடித்தால் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே தள்ளும். இருநூறு பேர் ஒரே நிமிடத்தில் மாத்து கேட்டால் எங்கே போவது? பொறுமை இல்லாதவர்கள் தாங்களே சாவியைப் போடுவார்கள். தலைவர் இதைப் பிடித்துக்கொண்டார். காலை ஐந்து மணிவரை கடை திறந்திருந்தால் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள், ஆளுக்கொரு ஓட்டுநர் கிடைப்பார், விபத்தே இருக்காது. கூட்டம் கூட்டமாகப் போய் இதைப் பேசினார். எல்லாக் கூட்டத்துக்கும் அவரை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பேனர் கட்டியதும் நான்தான்.

குடியிருப்புக்காரர்கள் அசையவில்லை. ஓட்டுநர்களே இது நல்லது என்று எழுதிக் கொடுத்தால் அசைவார்கள் என்று தலைவருக்குத் தோன்றியது. பனிக்காலத்தில் நாங்கள் எங்கே நிற்போம் என்றால், வங்கியின் பணம் எடுக்கும் அறையில். அங்கே கொஞ்சம் சூடு இருக்கும். ஆறேழு பேர் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பணம் எடுக்க வந்தவர்கள்போல நிற்போம்.

"எதுக்குப்பா அங்க போய்த் திருடன் மாதிரி நிக்கிறீங்க?" என்றார் தலைவர். "என் கடை மாடி சும்மாதானே கிடக்கு? சூடு போட்ட தரை. நேரம் மட்டும் நீளட்டும், அந்த ரூம் உங்களுக்குத்தான். கால நீட்டிப் படு. இது அண்ணன் வாக்கு."

கையெழுத்து வாங்கப் போனேன். எங்களில் ஹா மி-சுக் என்று ஒரு பெண் இருக்கிறாள், கருநாக்குக்காரி.

"அண்ணே, அஞ்சு மணி வரைக்கும் தொறந்து வெச்சா அஞ்சு மணி வரைக்கும் குடிப்பானுங்க. அப்புறம் 'விடிஞ்சிருச்சே, மாத்து எதுக்கு'ன்னு அவனவன் கிளம்புவான். இருட்டுல பயப்படுறவன் வெளிச்சத்துல பயப்பட மாட்டான்."

"தலைவர் வாக்குக் குடுத்திருக்காரு."

"உங்களுக்குத் தலைவரப் பிடிச்சிருக்கு, அதச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அறுபத்து மூன்று கையெழுத்து. குடியிருப்புக்காரர்கள் அசைந்தார்கள்.

முதல் நாள் விழா வைத்தார்கள். ரிப்பன், மாலை, தோளில் குறுக்காகப் போட்ட பட்டை. சங்க நிர்வாகிகள் பதினொரு பேர் வரிசையாக நின்று வலது கையைத் தூக்கி, ஒரு சொட்டு குடித்தவனும் இனி இந்தத் தெருவில் சக்கரத்தைத் தொடமாட்டான் என்று உறுதிமொழி எடுத்தார்கள்.  பிறகு உறுதிமொழிக்காகக் குடித்தார்கள்; காலை ஐந்து மணிவரை. நேரம் கிடைத்ததை வீணாக்கக் கூடாதல்லவா. அந்தப் பதினொரு பேரில் ஆறு பேர் தாங்களே காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் நடக்க முடியாதவர்கள்.

நான் மாடியைப் பார்க்கப் போயிருந்தேன். கதவில் பலகை மாட்டியாகிவிட்டது: பாட்டு அறை. உள்ளே வெல்வெட் சோபா, இரண்டு மைக், சுழலும் விளக்கு. தரை சூடாகத்தான் இருந்தது. அதில் வாக்குத் தவறவில்லை.

தலைவரைக் காரில் ஏற்றி நான் கிளப்பியபோது வெளுத்துவிட்டது. சங்கச் செயலாளர் போனில் வந்தார். தலைவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"எங்கப்பா இருக்க?"

"பாலத்துல போயிட்டிருக்கேன் தலைவரே. நானே ஓட்டிட்டுப் போறேன், விடிஞ்சிருச்சுல்ல. ஆமா, அந்த ஓட்டுநருங்க மாடி ரூம் கேட்டு வந்து நிப்பாங்களே, என்ன சொல்றது?"

"யாரு, மாத்துங்களா? கையெழுத்து வாங்க ஒரு வார்த்தை சொன்னேன். அத நம்பிப் பாயச் சுருட்டிட்டு வந்தா நான் என்ன பண்றது? ஒருத்தன் இருக்கான் பாரு, தம்பின்னு கூப்பிட்டா வால ஆட்டுவான். அவன விட்டே மத்தவங்களுக்குச் சொல்லிக்கலாம்."

"தலைவரே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்லப்பா. நான் மட்டும்தான்."

நான் சிக்னலில் நின்றிருந்தேன். கோபம் வந்ததா என்று நேற்று கேட்டீர்கள். வரவில்லை. பச்சை வந்ததும் சீராக எடுத்தேன். போனை வைத்துவிட்டு அவர் தூங்கிப்போனார்.

வழக்கமாக அவர் அடுக்குமாடியின் நிலத்தடி இரண்டாம் தளத்தில், அவர் தூணுக்குப் பக்கத்தில் நேராக நிறுத்தி, எழுப்பி, சாவியை இரண்டு கையாலும் கொடுப்பேன். அன்று அடுக்குமாடி வாசலுக்கு வெளியே, தடுப்புக் கம்பிக்கு முன்னால் இருக்கும் சரிவில் நிறுத்தினேன். தொழிலில் இதைத் தெரிந்திருக்க வேண்டும் சார். வாசலுக்கு உள்ளே குடித்துவிட்டு ஓட்டினால் தண்டனை உண்டு, உரிமம் பிழைத்துக்கொள்ளும். வெளியே பொதுச் சாலை, உரிமமும் போய்விடும். மனக்கசப்பு வந்தால் எங்கள் ஆட்களில் சிலர் இப்படி இடைஞ்சலாக நிறுத்திவிட்டு இறங்கிப் போவது உண்டு. கார்க்காரர் ஐந்து மீட்டர் நகர்த்துவார், அதை மறைந்திருந்து படம் எடுத்துப் புகார் செய்வார்கள். நான் அதைக் கேவலமாக நினைத்தவன். அதுவரை செய்ததில்லை.

கை பிரேக் போட்டேன். சாவியைக் கோப்பை வைக்கும் பள்ளத்தில் வைத்தேன். எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து போனைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அடுக்குமாடிக் காவலாளி பாங் டோக்-சு தானாக வந்து தலைவரை எழுப்பினார் என்று விசாரணையின் முதல் நாள் சொன்னேன். அதில் ஒரு சிறு விடுபடல் இருக்கிறது. தூங்குகிறவர் ஓட்டமாட்டார். அரைமணி நேரம் ஆயிற்று, தலைவர் அசையவில்லை. அதனால் நான் எழுந்து போய்க் காவல் கூண்டின் கண்ணாடியைத் தட்டினேன்.

பாங் ஐயாவுக்கு எழுபத்தொன்று. உதிர்ந்த செர்ரிப் பூவைப் பெருக்கி மூட்டை கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியும். பனிக்காலத்தில் தலைவரை விட்டுவிட்டுத் திரும்பும்போது கூண்டுக்குள் கூப்பிட்டு, கால்மாட்டில் இருக்கும் சின்ன ஹீட்டரை என் பக்கம் திருப்பிவைப்பார். பார்லி கஷாயம் ஊற்றிக் கொடுப்பார். பெரிய இடமில்லை. இரண்டு பேர் நின்றால் முட்டி இடிக்கும்.

"ஐயா, தலைவர் கார் வாசல்ல நிக்குது. ஆறு மணிக்குக் குப்பை லாரி வருமே" என்றேன்.

"ஐயையோ, போன வாரமே லாரி நுழையலன்னு என்னத்தான் வறுத்தெடுத்தாங்க. நீங்களே கொஞ்சம் உள்ள விட்டுட்டுப் போங்களேன், தம்பி."

"என் வேலை முடிஞ்சிருச்சு ஐயா."

"அதுவும் சரிதான். ராத்திரி பூரா ஓட்டியிருக்கீங்க. போய்ப் படுங்க. நான் பாத்துக்கிறேன்."

நான் நிறுத்தத்துக்குத் திரும்பிப் படம் எடுக்கத் தொடங்கினேன்.

நான் எதிர்பார்த்தது, தலைவர் எழுந்து முன்சீட்டுக்குப் போய் எஞ்சினைப் போடுவார் என்பது. முன்சீட்டுக்குப் போனார். ஆனால் போதையிலும் அவருக்குச் சட்டம் தெரிந்திருந்தது. "உறுதிமொழி எடுத்திருக்கேன் ஐயா, எஞ்சினத் தொட மாட்டேன். நியூட்ரல்ல போடறேன், தள்ளுங்க!" என்று கத்தியது சாலைக்கு இந்தப் பக்கம் கேட்டது. இங்கே எல்லா அடுக்குமாடியிலும் உள்ள வழக்கம்தான். இடமில்லாமல் குறுக்கே நிறுத்தினால் நியூட்ரலில் விட்டுவிட்டுப் போவோம், வேண்டியவர் தள்ளிக்கொள்வார். காவலாளிகளுக்குத் தள்ளித் தள்ளிக் கை பழகியிருக்கும். ஆனால் அது சமதரையில். அந்தச் சரிவை நான் ஆறு வருடமாக ஏறியிருக்கிறேன். இரண்டு பேர் தள்ளினாலும் அங்கே கார் ஏறாது.

பாங் ஐயா பின்னால் போய் இரண்டு கையையும் ஊன்றினார். அவருக்குப் பின்னால், சரிவின் அடியில், அடுக்குமாடியின் பெயர் செதுக்கிய கல்தூண். தலைவர் கை பிரேக்கை எடுத்தார். கார் ஒரு சாண் ஏறியது. பிறகு இறங்கியது.

கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கத்தியிருக்கலாம். இரண்டு வழிச் சாலைதான், குரல் எட்டும். ஓடியும் போயிருக்கலாம். கார் திரும்பி வருகிறது என்று பாங் ஐயாவுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் தள்ளினால் இறங்கிவிடாது என்று நம்பித் தள்ளிக்கொண்டே இருந்தார். ஆனால் சார், நான் எழுந்தால் தலைவர் என்னைப் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டால் எஞ்சினைப் போடமாட்டார். எஞ்சின் ஓடாமல் உருண்டால் அது குடித்துவிட்டு ஓட்டியதாகாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அத்தனை நேரம் காத்திருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும். கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டேன்.

கார் பாங் ஐயாவைக் கல்தூணோடு சேர்த்து நசுக்கிய பிறகு, இருபத்தொன்பதாவது வினாடியில் தலைவர் பதறிப்போய் எஞ்சினைப் போட்டார். எட்டு மீட்டர் முன்னால் ஓட்டிப்போய்த் தடுப்புக் கம்பியில் மோதினார். தெளிவாகப் பதிவாகியிருக்கிறது, எண் தகடும் தெரிகிறது.

உடனே போலீசைக் கூப்பிட்டேன். கார் எண், நிறம், இடம், ஓட்டியவர் பெயர் எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று போனை எடுத்த பெண் கேட்டார். அதற்கு வேறு எண் இருக்கிறது என்றேன். முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. பதிவு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். காரை அங்கே நிறுத்தியது நான். பாங் ஐயாவை அனுப்பியது நான். உட்கார்ந்து பார்த்தது நான். குற்றப் பத்திரிகையில் என் பெயரையும் தலைவர் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள், அதில்தான் எனக்கு ஆட்சேபம். வாக்குக் கொடுத்து ஏமாற்றியவர் அவர். நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

பாங் ஐயாவின் மகள் அந்த வீடியோவைக் கேட்டு வந்திருப்பதாகச் சொன்னீர்கள். முப்பதாவது வினாடியிலிருந்து கொடுங்கள் சார். அதற்கு முன்னால் உள்ளதில் குற்றம் எதுவும் இல்லை. அதில் யாரும் வண்டி ஓட்டவில்லை.