எதிராளி தலையாட்டும் வரை

(பேராசிரியர் சுருளியாண்டி அவர்கள் மறைவையொட்டி, சின்னமனூர் மேலத்தெரு மண்டபத்தின் முன்பு 1946-இல் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஆசிரியர் சண்முகராஜ் பேசியது)

அவைத் தலைவரும் இந்த மண்டபத்தின் தர்மகர்த்தாவுமான அழகர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் தாய்மார்களே, விவசாயிகளே, மேகமலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோட்டத் தொழிலாளர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடையில் நாற்காலி போடவில்லை. போகட்டும்! நின்றுகொண்டே பாடம் நடத்திப் பழகியவன், நின்றே பேசுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பேராசிரியர் சுருளியாண்டிக்கு இரங்கல் கூட்டம் எங்கே நடக்கிறது? தெருவில்! அவர் பத்து வருஷம் பேசிய மண்டபம் எங்கே? இதோ, என் முதுகுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது! சாவி எங்கே? தலைவர் அவர்களின் இடுப்பில்! அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கத்தான் இன்று நான் வந்திருக்கிறேன். மாலை கொண்டுவரவில்லை.

யார் இந்தச் சுருளியாண்டி? நம் ஊர் வயற்காட்டில் பிறந்து, சென்னையில் எம்.ஏ. படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். பாலி படித்தார். சமஸ்கிருதம் படித்தார். விடுமுறைக்கு வந்தால் உத்தமபாளையத்தில் ஒரு ராவுத்தர் பெரியவரிடம் போய் அரபி படித்தார். எதற்காக? அதை அவரே என்னிடம் சொன்னார்.

"காலேஜில படிக்கிறப்ப ஒரு வாத்தியார் காளியம்மனப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனாக. எங்க ஆத்தா தெனம் கும்பிடுற சாமிதான். ஆனா யாரப் பத்திப் பேசுறாகன்னு எனக்கே வெளங்கல. அன்னைக்கு முடிவு பண்ணேன் சண்முகராஜ். ஒருத்தன் சாமியப் பத்தி நான் பேசுனா, அவனே தலையாட்டணும். அவன் தலையாட்டுற வரைக்கும் எனக்கு அதப் பத்தித் தெரியாதுன்னு அர்த்தம்."

அன்பர்களே! இதுதான் அவருடைய விதி. எதிராளியின் பக்கத்தை, எதிராளியே தலையாட்டும்படி சொல். அதற்குப் பிறகு மறுத்துப் பேசு. அவருடைய சமய ஒப்பியல் முழுவதும் இந்த விதிக்குள் அடங்கிவிடும்!

கல்லூரி என்ன செய்தது? எந்தச் சமயம் உயர்ந்தது என்று முடிவு சொல்லும்படி பாடம் நடத்தச் சொன்னது. மறுத்தார். வேலை போனது. ஊருக்கு வந்தார். குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற சனம் இந்த வழியாக வருவது சனிக்கிழமை. ஆகவே சனிக்கிழமைதோறும் இந்த மண்டபத்தில் பேச்சுக் கூட்டம் தொடங்கினார்!

முதல் கூட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேடையில் ஏறியவர் கிறிஸ்தவத் தெரு ஆசிரியர் பிலவேந்திரன். அவருக்குக் கொடுத்த தலைப்பு, குச்சனூர் சனீஸ்வரர்! கூட்டமே சிரித்தது. தலையாட்ட வேண்டியவர், எள் விளக்குப் போடக் கிளம்பி வந்த மொக்கம்மாள். பிலவேந்திரன் தொடங்கினார்: "சனி புடிச்சிருமோன்னு பயந்துக்கிட்டு விளக்குப் போடுறாக."

மொக்கம்மாள் எழுந்தாள். "யாருக்குய்யா பயம்? எங்க வீட்டுல ஏழரை வருசம் தங்கிட்டுப் போறாரு. போறவர வெறும் வயித்தோடயா அனுப்புவாக?"

பிலவேந்திரன் அசரவில்லை. மறு சனிக்கிழமை மீண்டும் ஏறினார். துன்பத்தையும் வீட்டுக்கு வந்த ஆளாக மதித்து வழியனுப்புகிற வழிபாடு இது என்றார். மொக்கம்மாள் தலையாட்டினாள்! ஆட்டிவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "வேதக்காரருக்கு இம்புட்டு வெளங்குது. எங்க வீட்டு ஆளு இருபது வருசமாக் கோயிலுக்குக் கூட வாராரு, பொங்கல் திங்க மட்டும்தான் வாயத் தெறக்காரு!" கூரை அதிரச் சிரித்தோம்!

இந்தப் பணிக்கு உலகம் என்ன கொடுத்தது? சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார், சில வாரம் உட்கார்ந்து கேட்டார். திரும்பிப் போய் அதையே தன் சரக்காகப் பேசிப் பொன்னாடை வாங்கினார்! நான் கொதித்தேன். பேராசிரியர் சிரித்தார். "விடுப்பா, நாலு பேரு கேட்டிருப்பாகல்ல?" அவர் விட்டார். நான் விடவில்லை! இன்று அந்தப் பெரிய மனிதரிடமிருந்து இரங்கல் தந்தி வந்திருக்கிறதாம். அதை இந்த மேடையில் வாசித்தால் நான் வெளியே போய்விடுவேன்!

இனி அந்தப் பங்குனிக்கு வருகிறேன். அம்மன் பல்லக்கும் பெரிய வெள்ளி ஊர்வலமும் ஒரே தெருவில் எதிர்ப்பட்டன. கல் பறந்தது. தலைவர் அழகரின் மகன் கர்ணனுக்கு ஒரு கண் போனது. மறுநாள் மண்டபம் பூட்டப்பட்டது. ஏழு வருஷம்! நான் ஏசாத ஏச்சு இல்லை. அப்போதெல்லாம் பேராசிரியர் என்னை மடக்குவார்: "அழகர் ஏன் பூட்டுனாருன்னு அவரே தலையாட்டுற மாதிரி சொல்லிட்டு, பெறகு ஏசுப்பா." அந்த ஆளுக்காக நான் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்பேன். போன மாதம், மூச்சு வாங்கப் படுத்திருந்தபோதும் அதையேதான் சொன்னார்.

சரி! இன்று சொல்கிறேன்! தலைவர் அவர்களே, என்னைப் பாருங்கள்.

மறுபடியும் கலவரம் வருமென்று பயந்து பூட்டினீர்கள். இல்லையா? தலையை அசைக்கிறார், இல்லை என்கிறார். போர்டு எலெக்ஷனில் ஓட்டுப் போய்விடும் என்று பூட்டினீர்கள். அதுவும் இல்லையா? கோபம் வருகிறது! வரட்டும், இன்னும் ஒருமுறை முயல்கிறேன்.

கல்லெறிந்தவன் யாரென்று கடைசிவரை உங்களுக்குத் தெரியவில்லை. அவன் எந்தத் தெருக்காரனாகவும் இருக்கலாம். மண்டபம் திறந்திருந்தால் அவனும் சனிக்கிழமை வருவான். முன்வரிசையில் உட்காருவான். அன்பைப் பற்றிப் பேசும்போது அவனும் தலையாட்டுவான். உங்கள் பிள்ளை ஒற்றைக் கண்ணோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அதைப் பார்க்க உங்களால் முடியாது. அதனால்தான் பூட்டினீர்கள்.

...

பார்த்தீர்களா? தாய்மார்களே, பார்த்தீர்களா? அழகர் தலையாட்டினார்! துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டுகிறார்! பேராசிரியரே, நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்!

உங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டேன். இனி எனக்கு மறுத்துப் பேச உரிமை உண்டு. பூட்டியது தப்பு! அந்தக் கல்லை எறிந்தவன் உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒரே இடம் இதுதான். அதைத்தான் நீங்கள் பூட்டினீர்கள்! உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. என் கோபமும் அப்படியேதான் இருக்கிறது. நாம் சமாதானமாகிவிட்டோம் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டாம்.

பேராசிரியர் சுருளியாண்டி விட்டுப்போன பணியை நான் ஏற்கிறேன். என் மூச்சு உள்ளவரை சனிக்கிழமை தவறாது. பிலவேந்திரன் என்னோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். இனி வேண்டியது இடம் ஒன்றுதான்.

அடடா! தலைவர் எழுந்திருக்கிறார். இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிறார். வேண்டாம், என் கையில் தராதீர்கள்! கர்ணனிடம் கொடுங்கள். அவன் திறக்கட்டும்.

தம்பி, பார்த்துத் திருப்பு, துருப்பிடித்திருக்கும்.

அழகர் அவர்களே, வரும் சனிக்கிழமை முதல் பேச்சு உங்களுடையது. தலைப்பு, சண்முகராஜின் கோபம். என் பக்கத்தைச் சொல்லுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நான் தலையாட்டுகிறேனா என்று பார்த்துவிடுவோம்!