பினாயில் வாசனை அடித்த சீட்டு

— மெய்யாலுமே நான் எதையும் எடுக்கல மேடம். பெட்டியில ஒரு சீட்டு போட்டேன், அவ்ளோதான். அதுவும் உங்க பேப்பர் இல்ல. போர்டுலேர்ந்து கழட்டிப் போட்ட பழைய நோட்டீஸ், அதும் பின்னாடிதான் எழுதினேன்.

— முனியம்மாக்கா, முதல்ல அந்தத் துடைப்பத்தைக் கீழ வைங்க. உங்களைத் திட்டக் கூப்பிடலை.

— தமிழ் டிபார்ட்மென்ட் சின்மயி மேடம் ஆடிட்டோரியத்துக்குக் கூப்புடறாங்கன்னதும் துடைப்பத்தோடயே ஓடியாந்துட்டேன். உக்கார மட்டும் சொல்லாதீங்க. மேடமோட உக்காந்துகினு கதை பேசறான்னு சூப்பர்வைசர் ஆரம்பிச்சிடுவாரு.

— சூப்பர்வைசர் ரவி கிட்ட நானே சொல்லிட்டேன், அரை மணி நேரம் நீங்க எனக்கு வேணும்னு. உக்காருங்க.

— சரி. இன்னா தெரியணும் உங்களுக்கு?

— போன மாசம் பசங்க ஒரு நாடகம் போட்டாங்க இல்லையா? பார்த்தவங்க யாரா இருந்தாலும் மனசுல பட்டதை எழுதிப் பெட்டியில போடுங்க, பேர் வேண்டாம்னு சொல்லியிருந்தேன். நாப்பத்திரண்டு சீட்டு வந்தது. அதுல ஒண்ணுல மட்டும் பினாயில் வாசனை அடிச்சது.

— அய்ய. கை கழுவிட்டுத்தான் மேடம் எழுதினேன்.

— எல்லா நாடகமும் பார்ப்பீங்களா?

— பார்க்காம? ஷோ முடிஞ்ச உடனே கூட்டணும்னு கடைசிக் கதவாண்ட நிக்க வெச்சிருக்காங்க. நின்னுகினு கண்ணை மூடிக்கவா முடியும்? வெள்ளிக்கிழமை நீங்க போடற படம்கூட ஒண்ணு வுடல. பென்ஷனுக்கு அலையற தாத்தா படம் ஒண்ணு வந்துச்சே, பசங்க எல்லாம் கவர்மென்ட் சரியில்ல, அது சரியில்லன்னு பேசிக்கினே வெளிய போச்சுங்க. எனக்கு இன்னா பட்டுச்சுன்னா, பென்ஷன்லாம் அப்பால. அந்த ஆபீஸ்ல நாலு வார்த்தை பேச ஆள் கீதுன்னுதான் அந்தாளு தினம் போறாரு.

— இதை ஏன் எழுதிப் போடலை?

— அன்னிக்கு பேனா இல்ல.

— சரி, நீங்க போட்ட சீட்டைப் படிக்கட்டுமா?

— வாணாம் மேடம். எட்டாவதோட நின்ன படிப்பு. பிழையா இருக்கும்.

— இருக்கு, பரவாயில்லை. படிக்கறேன். ‘கம்மலை அந்த வேலைக்காரி எடுக்கல. எடுத்தது அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு. இது யாருக்கும் தெரியலையா. இன்னொண்ணு, திருடின்னு சொன்னா எவளும் தலையைக் குனிஞ்சுகினு போக மாட்டா. வாயைத் தொறந்து கத்துவா. இவளுக்கு மட்டும் ஏன் வாய் இல்ல.’ இவ்வளவுதான் எழுதியிருக்கீங்க.

— தப்பா மேடம்?

— மத்த நாப்பத்தோரு பேர் என்ன எழுதினாங்கன்னு சொல்லட்டுமா? ஹரிபிரசாத்னு ஒரு பையன், பேர் போடாட்டியும் அவன் கையெழுத்து எனக்குத் தெரியும், முதலாளி வர்க்கம்னு ஆரம்பிச்சு மூணு பக்கம். அந்த வேலைக்காரி பொறுமையோட சிகரம்னு ஒருத்தர். அவ எடுத்தே இருந்தாலும் தப்பில்லைன்னு பத்துப் பேர். கடைசி சீன்ல அழுதுட்டேன்னு பாதிப் பேர். அந்தச் சின்னப் பொண்ணைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வரி எழுதலை.

— அதுக்கு வசனமே இல்லியே. பாவாடை சட்டை போட்டுகினு ஓரமா உக்காந்துகினு கீது. அத்த யாரு பார்ப்பா?

— நீங்க பார்த்தீங்களே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— இதுல கண்டுபுடிக்க இன்னா கீது? வேலைக்காரியை நடுவுல நிக்க வெச்சு வூட்டுக்காரரு கேள்வி மேல கேள்வி கேக்கறாரு இல்ல, அப்ப அந்தப் பொண்ணு எழுந்து போயி ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து அவ கையில குடுக்குது. இங்க வர்றதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் வூட்டு வேலை செஞ்சவ மேடம் நான். கேக்காம எந்த வூட்டுப் புள்ளையும் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்ததில்ல. குடுக்குதுன்னா அதும் மனசுல ஏதோ கீதுன்னு அர்த்தம்.

— கொஞ்சம் இருங்கக்கா. கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

— இன்னா மேடம், மூஞ்சி ஏன் அப்படி ஆவுது? அந்தக் கதை எழுதினவரு கோச்சுக்குவாரோன்னு அப்பவே நினைச்சேன். எந்த ஊர்க்காரரு?

— சிட்லபாக்கம். நான்தான் எழுதினேன்.

— போஸ்டர்ல ஏதோ ஆம்பளைப் பேரு போட்டிருந்துச்சே?

— புனைபெயர். என் பேரைப் போட தைரியம் வரலை. ஏன்னா அந்தச் சின்னப் பொண்ணு நான்தான்.

— மெய்யாலுமேவா?

— ஒன்பது வயசு எனக்கு. ஸ்கூல்ல ஆண்டுவிழா டான்ஸ். அம்மா கம்மலைக் கேட்டா தர மாட்டாங்கன்னு சொல்லாம எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனேன். ஆடி முடிச்சுப் பார்த்தா ஒரு காதுல இல்லை. இன்னொண்ணை என்ன பண்றதுன்னு தெரியலை. வர்ற வழியில ரயில்வே லைன் ஓரமா முள்ளுக்குள்ள வீசிட்டேன். சாயங்காலம் அம்மா பீரோவைத் திறந்தாங்க. எங்க வீட்டுல வேலை செஞ்ச தனக்கோடியக்காவைக் கூப்பிட்டாங்க. நாடகத்துல வர்ற கேள்வியெல்லாம் எங்கப்பா கேட்டதுதான். ஒரு வார்த்தைகூட மாத்தலை.

— நீங்க தண்ணி குடுத்தீங்க.

— குடுத்தேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வரலை.

— அந்தம்மா மெய்யாலுமே தலையைக் குனிஞ்சுகினா போனாங்க?

— இல்லை. நீங்க எழுதின மாதிரிதான். வாசல்ல நின்னு கத்தினாங்க, தெருவே வெளிய வந்துடுச்சு. அப்பா ஜன்னலைச் சாத்தினார். அதை எழுத எனக்குக் கை வரலை. அவ அமைதியா போனான்னு எழுதினா பார்க்கறவங்க அழுதுட்டு எழுந்து போயிடுவாங்க. கத்தினான்னு எழுதினா, யாரைப் பார்த்துக் கத்தறான்னு திரும்பிப் பார்ப்பாங்க.

— அப்போ அந்தம்மா வாயை நீங்கதான் புடுங்கிகினீங்க. சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.

— இல்லைக்கா. சரியாத்தான் சொல்றீங்க.

— அப்பாலயாவது வூட்டுல சொன்னீங்களா?

— சொல்லவேயில்லை. அம்மா போயிட்டாங்க. அப்பாவுக்கு எண்பத்து மூணு. இன்னைக்கும் வீட்டுல ஒரு சாமான் காணோம்னா, இன்னொரு தனக்கோடியான்னுதான் கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் அடுப்பங்கரைக்குப் போயிடுவேன்.

— அந்தம்மா உசிரோட கீறாங்களா?

— உங்க சீட்டைப் படிச்ச மறுநாளே தேட ஆரம்பிச்சேன். எங்க காலனியில பழைய ஆளுங்களை விசாரிச்சேன். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் எங்க தெருவுல யாரும் அவங்களை வேலைக்குக் கூப்பிடலையாம். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போய், இருபத்தாறு வருஷம் அங்கயே இருந்திருக்காங்க. கடைசியில பத்துப் பொண்ணுங்களுக்கு மேல லைன் லீடர். இப்ப அனகாபுத்தூர்ல மக வினிதா வீட்டுல இருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன்.

— அடையாளம் தெரிஞ்சுதா?

— கதவைத் திறந்ததுமே, சின்மயி பாப்பாதானேன்னு கேட்டாங்க. உட்கார வெச்சு காபி போட்டுக் குடுத்தாங்க. டம்ளரைக் கையில வாங்கினதும் என்னால அடக்க முடியலை. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— இன்னா சொன்னாங்க?

— அரை மணி நேரம் திட்டினாங்க. அதே குரல். பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. வினிதா வந்து, போதும்மா, டீச்சர் அவங்கன்னாங்க. அதுக்கு, முப்பத்தாறு வருஷம் உள்ள கெடக்குது, நீ நடுவுல வராதேன்னு சொல்லிட்டு மறுபடியும் ஆரம்பிச்சாங்க. நான் அசையவே இல்லை.

— அப்பால?

— அப்புறம், காபி ஆறிப்போச்சு பாரு குடுன்னு வாங்கிட்டுப் போய் சூடு பண்ணிக் கொண்டுவந்தாங்க.

— நல்ல மனசு.

— அப்படிச் சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது. மன்னிச்சிட்டீங்களான்னு கேட்டேன். அதெல்லாம் ஒரு காபியில ஆவற வேலையா, பார்க்கலாம்னாங்க.

— அதுவும் நாயம்தான். சொம்மா மன்னிச்சிட்டேன்னு சொல்லியிருந்தா நீங்களே நம்பியிருக்க மாட்டீங்க.

— பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாங்க. நாடகம்னு சொன்னியே, அதுல நானா நடிக்கறவ யாருன்னு கேட்டாங்க. ஓவியான்னு செகண்ட் இயர் பொண்ணுன்னேன். நல்லா கத்துவாளான்னாங்க. இல்லை, தலையைக் குனிஞ்சுட்டுப் போவான்னு சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல ஸ்டாப்ல நின்ன எல்லாரும் திரும்பிட்டாங்க. பஸ்ல ஏறி உக்காந்தா எனக்கும் சிரிப்பு. எவ்வளவு வருஷம் கழிச்சு அப்படிச் சிரிச்சேன்னு தெரியலை.

— எனக்கும் இப்பதான் மேடம் நெஞ்சு லேசாச்சு. சீட்டு எழுதினதுக்கு வேலையை வுட்டுத் தூக்கப் போறாங்கன்னு காலையிலேர்ந்து ஒரே பேஜார். சொல்லட்டுமா, சீட்டைப் போட்டுட்டுத் திரும்பி எடுத்துடலாம்னு பெட்டிக்குள்ள கைகூட வுட்டேன். எட்டல.

— நல்லவேளை. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நாடகம் மறுபடியும் நடக்குது. அன்னைக்கு நீங்க கூட்ட வேண்டாம். பார்க்க வாங்க. முதல் வரிசையில உங்களுக்கு இடம் வெச்சிருக்கேன்.

— முதல் வரிசையா? பிரின்சிபால் உக்கார்ற எடமாச்சே. யாரு பக்கத்துல?

— எங்கப்பா பக்கத்துல.

— அவரு பக்கத்துலயா? அவருக்கு விஷயத்தைச் சொல்லிட்டீங்களா?

— நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சேன். கம்மல்னு சொன்ன உடனே, எனக்குக் காது சரியா கேக்கலைம்மான்னார். நல்லாவே கேட்டது, எனக்குத் தெரியும். அதனால நாடகத்துக்கு வாங்கப்பான்னு மட்டும் கூப்பிட்டேன். அது கேட்டது. வரேன்னிருக்கார்.

— போனவாட்டி மாதிரியே ஓவியா தலையைக் குனிஞ்சுகினு போனா, அவரும் நல்ல நாடகம்னு கை தட்டிட்டு எழுந்து போயிடுவாரு. இந்த வாட்டியாவது அந்தப் பொண்ணை வாயைத் தொறக்கச் சொல்லுங்க மேடம். வரலைன்னா நானே ஒரு தபா கத்திக் காட்டறேன்.

— வேண்டாம்க்கா. வீட்டுக்காரர் கேள்வி கேக்கற சீன் வரைக்கும்தான் ஓவியா. கடைசி சீனுக்குத் தனக்கோடியக்காவே மேடைக்கு வர்றாங்க.