மூத்தாளை விற்கிற மத்தியானம்

— விக்கப் போற லாரியை எதுக்குங்க இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறீங்க?

— அஞ்சு மணிக்கு வாங்குற ஆளு வர்றான். பொண்ணு பார்க்க வர்றப்ப மூஞ்சி கழுவ வேண்டாமா?

— என்னைப் பார்க்க வந்தப்ப நீங்க கழுவிட்டு வந்ததா ஞாபகம் இல்லை. கை முழுக்க கிரீஸு.

— அன்னிக்கு மூத்தாளுக்குக் கிளட்ச் போயிருச்சு.

— அதானே. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு லாரியைக் கட்டிக்கிட்டு, என்னை இளையாளா கூட்டிட்டு வந்தவர்தானே. கீழ இறங்குங்க. கம்பெனி வேலைக் கடுதாசியில கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கணக்கு நோட்டை இன்னொரு தடவை பார்த்துடலாம்.

— பார்க்க என்னம்மா இருக்கு? பதினோரு வருஷம் ஓட்டியாச்சு. சொந்த லாரி கட்டுப்படியாகலை. இனிமே மாசச் சம்பளம். டயர் வெடிச்சா அவங்க தலைவலி, நான் ஓரமா நின்னு வேடிக்கை பார்ப்பேன்.

— கட்டுப்படியாகலைன்னு யாரு சொன்னா?

— நீதான். போன வாரம் நோட்டை மூடிட்டு ஒரு பெருமூச்சு விட்டியே, அடுத்த தெருவுல கொடியில காயுற துணியெல்லாம் ஆடிச்சு.

— அது வேற பெருமூச்சு. டீசல் எழுதியிருக்கு, டயர் எழுதியிருக்கு, டோல்கேட் எழுதியிருக்கு. வண்டியை ஓட்டினவனுக்குச் சம்பளம் எங்க?

— ஓட்டினவன் நான்தானே. எனக்கு நானே எப்படிச் சம்பளம் கொடுக்கிறது?

— வேற ஆளை வச்சிருந்தா?

— கொடுக்கலைன்னா நடுரோட்டுல சாவியை வச்சுட்டுப் போயிருப்பான்.

— அப்ப இந்த டிரைவரு இளிச்சவாயன்.

— முதலாளி மட்டும் என்ன வாழ்ந்துட்டான்? டிரைவருக்குச் சம்பளம் எழுதினா முதலாளி பட்டினி, முதலாளிக்கு லாபம் எழுதினா டிரைவர் பட்டினி. ரெண்டு பேரும் ஒரே சட்டைக்குள்ள இருந்துக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்துறானுங்க.

— சரி, முதலாளிகிட்ட ஒண்ணு கேட்கிறேன். வருஷத்துல பதினாலு நாள், ‘லோடு வேண்டாம்னு சொல்லியாச்சு’ன்னு இருக்கே. ஏன்?

— ஒண்ணு உங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒண்ணு, நம்ம சின்னவ பள்ளிக்கூட நாடகத்துல மரமா நின்னா.

— மரம்தானே. வசனம்கூடக் கிடையாது.

— இருபது நிமிஷம் அசையாம நின்னாளே! சிக்னல்ல நானே அவ்வளவு பொறுமையா நின்னதில்லை.

— மரத்துக்கெல்லாம் கம்பெனியில லீவு தருவாங்களா?

— எழுதிக் கேட்கணும்.

— ம்.

— ‘ம்’னா என்ன அர்த்தம்? கையெழுத்துப் போடவா, வேண்டாமா?

— இப்ப டிரைவர்கிட்ட கேட்கிறேன். நம்ம வண்டிக்கு எங்க அடி விழுது?

— திரும்பி வர்றப்பதான். துறைமுகம் போறப்ப லோடு இருக்கு. வர்றப்ப நானூறு கிலோமீட்டருக்கு வெறும் காத்தை ஏத்திட்டு வர்றேன். காத்துதானேன்னு டோல்கேட்ல விட்டுடுறானா?

— இந்தக் கம்பெனி உங்களை எதுக்குக் கூப்பிடுது?

— அவங்களுக்கு ஆள் கிடைக்கலையாம். துறைமுகக் கிடங்குல சரக்கு மலையா குவிஞ்சு கிடக்கு. நம்ம ஊருக்குக் கொண்டு வர டிரைவர் வேணும்.

— துறைமுகத்துல இருந்து. நம்ம ஊருக்கு.

— ஆமா.

— அந்தக் கிடங்கு நீங்க வர்ற வழியில எங்க இருக்கு?

— வழியிலேயேதான். அவங்க கேட் வாசலுக்கு எதிர்ல நிறுத்தித்தான் டீ குடிப்பேன்.

— எத்தனை வருஷமா?

— ஒரு ஆறு வருஷமா... அட.

— உறைச்சுதா?

— காலி வண்டியை நிறுத்திட்டு, அவங்க சரக்கைப் பார்த்துக்கிட்டே டீ குடிச்சிருக்கேன். ஆனா அவங்க டிரைவரைத்தானே கேட்டாங்க, லாரியைக் கேட்கலையே.

— நீங்க கேட்டீங்களா?

— இல்லை. வேலை தர்றேன்னதும் குளிர்ந்து போய்ட்டேன்.

— அதான் காலையில நானே போன் போட்டுக் கேட்டேன். லாரியோட வந்தா இன்னும் நல்லதாம். வாரத்துக்கு ரெண்டு லோடுன்னு எழுதியே தர்றாங்க. அடுத்த மாசம் ஒரு நாள் மட்டும் வண்டி வராதுன்னு சொல்லிட்டேன்.

— எதுக்கு?

— சின்னவ இந்தத் தடவை நாடகத்துல மலையாம்.

— சரி, அஞ்சு மணிக்கு வர்ற ஆளுக்கு என்ன பதில் சொல்றது?

— வர வேண்டாம்னு அவனுக்கும் காலையிலேயே சொல்லியாச்சு.

— அடிப்பாவி. அப்ப மூணு மணி நேரமா நான் எதுக்கு இதைக் கழுவிட்டிருக்கேன்?

— புது இடத்துக்கு லோடு எடுக்கப் போறப்ப மூத்தாள் மூஞ்சி கழுவ வேண்டாமா? முன் கண்ணாடியை விட்டுட்டீங்க பாருங்க, டிரைவர். நாளையிலிருந்து உங்களுக்குச் சம்பளம்.