எடை குறையாத பெட்டி

ஜாம் பாட்டில் வாங்கினால் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருக்கும். மேசையில் ஆடாமல் நிற்பதற்காக என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் குழிவு பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஜாம் இருக்க முடியாது. பாட்டிலின் உயரம் குறையவில்லை, அகலம் குறையவில்லை, உள்ளே இருப்பது மட்டும் குறைந்திருக்கிறது. வெளியே ஒட்டிய சீட்டில் அளவைச் சரியாகத்தான் போட்டிருப்போம். சீட்டை யாரும் படிப்பதில்லை. கண்ணால் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இப்படிப்பட்ட பாட்டில்களையும் டப்பாக்களையும் வடிவமைப்பதுதான் என் வேலை.

உங்கள் மேசையில் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அதைப் புரிந்துகொள்ள இது உதவும் என்றுதான் இங்கிருந்து ஆரம்பித்தேன்.

வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு; அது ஜப்பானியர்கள் மதிய உணவு எடுத்துப்போகும் பெட்டி. பென்டோ என்பார்கள். பார்க்க எளிமையாக இருக்கும்; அதற்குள் நல்ல யோசனை இருக்கிறது. தட்டில் சோற்றைக் குவிக்கலாம், பெட்டியில் குவிக்க முடியாது. மூடியைப் போட்டாக வேண்டும். அதே சமயம் இடைவெளியும் விடக்கூடாது; விட்டால் தூக்கிப்போகும்போது எல்லாம் ஒரு பக்கம் சரிந்துவிடும். ஆகவே நெருக்கமாக, விளிம்புவரை அடுக்கவேண்டும். பாதி இடம் சோற்றுக்கு, மீதியில் பெரும்பங்கு காய்க்கு, ஒரு மூலை முட்டைக்கோ மீனுக்கோ. அளவுக் கரண்டி வேண்டாம், தராசு வேண்டாம். பெட்டியே அளவு. அதோடு, திறந்ததும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். குறைவாகச் சாப்பிடுகிறோம் என்ற எண்ணமே வராது. உடம்பைக் குறைக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

மாமனார் எங்களோடு வந்து தங்கியபோது உண்மையிலேயே பெரிய உடம்பு. இடுப்பு எலும்பு முறிந்து, தடியை ஊன்றித்தான் நடப்பார். எடையைக் குறைக்காவிட்டால் அந்த இடுப்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பெட்டியை வாங்கியது நான்தான். மூன்று வேளையும் இதில்தான் என்றதும் அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன டப்பாக்காரி, மாமனாருக்கும் டப்பாவா?”

என்னை அப்படித்தான் கூப்பிடுவார். என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும், “காத்தை அடைச்சு விக்கிறா, அதுக்குச் சம்பளம் வேற” என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். என் கணவரும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

மாமனார் லாரிகளுக்கான எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏற்றும்போது ஒரு எடை, இறக்கும்போது ஒரு எடை என்று ஓட்டுநர்களும் வியாபாரிகளும் அங்கே வந்து சண்டை போடுவார்கள். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாராம்: “முள்ளு சொன்னா சொன்னதுதான்.” அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிவிட்டது. எதையும் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். பழம், பார்சல், பக்கத்து வீட்டுக் குழந்தை. நான் பரிமாறும் தட்டையும் தூக்குவார். “இது கால் கிலோ தேறாது” என்று என் கணவரைப் பார்த்துச் சொல்வார்.

பெட்டியை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். முதல் வாரமே கையில் ஏந்தி அதன் எடையை மனதில் பதித்துக்கொண்டார். “இதான் என் அளவு. இதுக்கு மேல நானே கேட்டாலும் குடுக்காதே” என்றார். தின்பண்ட அலமாரியைப் பூட்டச் சொன்னவரும் அவர்தான். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

எடை இறங்கியது. நடை மேம்பட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அவரைக் கவனித்துக்கொள்வதற்காக என் வேலையை வீட்டிலிருந்தே செய்யும்படி மாற்றிக்கொண்டேன், அதற்கும் பாராட்டினார்கள். கணவர் விடியற்காலை போனால் மாலைதான் வருவார். பகல் முழுவதும் நாங்கள் இருவர் மட்டும். நான் வரைந்துகொண்டிருப்பேன். அவர் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது கணவர் வண்டியை எடுக்கப் போயிருந்தார், மாமனார் வெளியே பெஞ்சில் இருந்தார். டாக்டர் என்னிடம் சொன்னார்: “போதும்மா, சரியான எடைக்கு வந்துட்டாரு. இனிமே குறைக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் குடுங்க.”

தலையசைத்தேன். வண்டியில் ஏறியதும் கணவர், “என்ன சொன்னாரு?” என்று கேட்டார்.

“இப்படியே போகட்டும்னாரு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த மாதத்தில் மாமனார் மதியத்தில் தூங்க ஆரம்பித்திருந்தார். உடம்பு குறையக் குறையப் பேச்சும் குறைந்தது. வீட்டில் பேனா உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கருவி இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உணவைக் குறைத்தால் அவர் கை கண்டுபிடித்துவிடும். எனக்கு நிஜமாகவே பிடித்த பகுதி இதுதான். சோறும் இரும்பும் ஒரே எடைக்கு ஒரே இடத்தை அடைப்பதில்லை. ஒரு பிடி சோற்றின் எடையை விரல் தடிமன்கூட இல்லாத தகடு கொடுத்துவிடும். எங்கள் அலுவலகத்தில் மாதிரிகள் செய்து பார்க்கும் அறை இருக்கிறது. வரைபடங்களைக் கொடுக்க அங்கே போகும் நாட்களில், பெட்டியின் உட்புறத்துக்குப் பொருத்தமாக, அதே சிவப்பு நிறத்தில், இன்னொரு தளம் செய்தேன். அதன்கீழே தகடு. தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று. தகடு நட்டநடுவில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போது பெட்டி சாயும். சத்தம் வராமல் இருக்க ஓரங்களில் மெல்லிய பஞ்சு வைத்தேன். தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன், தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனாக்கினேன். பெட்டி எப்போதும் விளிம்புவரை நிறைந்திருந்தது. எடை எப்போதும் சரியாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். சாப்பிட்டு முடித்த பிறகும் பெட்டி கனக்கும். காலிப் பெட்டியை அவர் தூக்கக் கூடாது. அதனால் கடைசி வாய் முடியும்வரை பக்கத்திலேயே நிற்பேன். “நீங்க சிரமப்படாதீங்க மாமா, நான் எடுக்கறேன்.” பக்கத்து வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்று கண் கலங்கினார்.

அவருக்குப் பசித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“வயிறு காந்துதும்மா. ராத்திரியெல்லாம் சோத்து நினைப்பாவே இருக்கு.”

“பெட்டியில குறையுதா மாமா?”

தூக்கிப் பார்த்தார். இரண்டு கைகளாலும் இன்னொரு தடவை தூக்கினார். “இல்ல. எடை சரியாத்தான் இருக்கு. வயசானா வயிறு பொய் சொல்லும் போலிருக்கு” என்றார். பிறகு வெட்கப்பட்டவர்போல மூடியைத் திறந்தார். கணவரும் ஒரு தடவை பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். “நல்லாத்தானே குடுக்கறா, அப்புறம் என்னப்பா?” என்றார். அதற்குப் பிறகு மாமனார் பசியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. முள் ஒன்று சொல்ல, வயிறு வேறொன்று சொன்னால், அவர் முள்ளின் பக்கம்தான் நிற்பார். அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பிறகு நடந்தவை உங்கள் காகிதங்களில் இருக்கின்றன. சாதாரணச் சளி நெஞ்சில் இறங்கியது. அதை எதிர்க்க உடம்பில் ஒன்றும் இல்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மறுபடி வீட்டுக்கு வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, கணவர் மாமனாரின் பொருட்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நான் வேறு அறையில் இருந்தேன். கழுவிக் கவிழ்த்திருந்த பெட்டியை அவர் கையில் எடுத்திருக்கிறார்.

“காலிப் பெட்டி ஏன் இவ்வளவு கனக்குது?”

அந்தக் கேள்வியைக் கேட்க அவருடைய அப்பாவுக்கு நான் வாய்ப்பே கொடுத்ததில்லை. உங்களிடம் சொன்னதைப்போலவே அவருக்கும் நிதானமாக விளக்கினேன். தகடு, தளம், நடுவில் இருக்கும் காற்று. காற்று என்ற சொல்லைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். உங்களுக்குத் தகவல் சொன்னது அவர்தான் என்று நினைக்கிறேன்.

பட்டினி போட்டது நான்தான். அந்தச் சொல்லையே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொடுமைப்படுத்தினேன் என்று எழுதவேண்டாம். அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. கடைசியாக நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

சளி பிடிப்பதற்குச் சில நாட்கள் முன்பு. வழக்கம்போலப் பெட்டியைக் கொடுத்தேன். வாங்கியதும் அவர் கைகள் தாழ்ந்தன. முகம் மலர்ந்தது.

“டப்பாக்காரி, இன்னிக்கு எடை கூட இருக்கே.”

கூடவில்லை. அவர் கைகளில்தான் வலு போயிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கை தப்பாகச் சொன்னது. ஏன் என்று எனக்கு உடனே விளங்கியது.

“பாவம், பசிக்குதுன்னு சொன்னேன்னு அதிகமா வெச்சியா? இவ்வளவு எனக்குத் தாங்காதும்மா. நீதான் சரியாவே சாப்பிடறதில்ல.” மூடியைத் திறந்து, முட்டைத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வாங்கிச் சாப்பிட்டேன். ஆசையாகக் கொடுப்பதை மறுப்பது மரியாதையில்லை.

“நாளையிலேருந்து கொஞ்சம் கொறச்சே வை” என்றார்.

“சரி மாமா” என்றேன். பெரியவர் வாய்விட்டுக் கேட்டதை நான் தட்டியதில்லை. மறுநாளிலிருந்து குறைத்தேன்.