நாலடி ஒசந்த மோட்டார்

ஐய, அந்த ஸ்டூல் வேண்டாம் மேடம், ஒரு கால் ஆடும். இங்கன பெஞ்சுல உக்காருங்க. ஏட்டி டெல்பின், பிஸ்கட்டுக் கைய மேடத்தோட கம்ப்யூட்டர்ல வைக்காத! ரெண்டர வயசுதான் மேடம், வாயி மட்டும் என்னைய மாதிரி.

இன்னும் குமிழி வரலியா? நானும் காலைல இருந்து எட்டி எட்டிப் பாக்கேன், ஒங்க கம்ப்யூட்டருக்குள்ள பம்பு நல்ல பிள்ளையா சுத்துது. இங்கன ஆத்துத் தண்ணிய ஊருக்கு ஏத்துத நெசப் பம்பு என்னடான்னா, உள்ள சல்லியப் போட்டு அரைக்க மாதிரி கடகடங்குது. உறிஞ்சுத பக்கம் அழுத்தம் கொறஞ்சா தண்ணி சூடாகாமலே கொதிக்கும், அந்தக் குமிழி ஒடையும்போது இரும்பையே கொத்தி எடுத்துரும்னு நீங்க சொன்னது எனக்கு நல்லா வெளங்குச்சு. போன மாசம் கழட்டுன, பம்புக்குள்ள சுத்துத எறக்கையப் பாத்தியள்ளா? அம்மைத் தழும்பு மாதிரி. ஒரு வருசத்துல அது ரெண்டாவது.

வால்வ அரைகொறையாத் தெறக்கேனான்னா கேக்கிய? இல்ல மேடம், அஞ்சு வருசமா இந்தப் பம்ப நான்தான் ஓட்டுதேன், வால்வ முழுசாத்தான் தெறப்பேன்.

என்ன, கண்ணு கலங்குது? ஒங்க மேனேசர் ஏசுனது எனக்கும் கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டா அக்கரைல குளிக்கவனுக்கும் கேக்கும்லா. சாயந்தரத்துக்குள்ள காரணம் கண்டுபிடிக்கலன்னா வேலைக்கு வராதன்னுட்டாரு, என்ன? மொதல்ல டீயக் குடிங்க.

அந்த வரைபடத்தக் காட்டுங்க. ம்... இது இந்தப் பம்பு ரூம் கட்டும்போது போட்டது. அதுக்குப் பொறவுதான வெள்ளம் வந்துச்சு, மார்கழில. மோட்டார் முங்கிப் போச்சு. பன்னெண்டு நாள் ஊருக்குக் குடிதண்ணி கெடையாது. இவ அப்ப கைப்பிள்ள. இவ இடுப்புல, கொடம் தலையில. தண்ணி எப்ப வரும்னு ஆபீசுல கேட்டா, மேல எழுதிப் போட்ருக்கோம்ங்காங்க.

பம்பு இருக்க மேடை இருக்குல்லா, அதத் தொட்டுப் பாருங்க. கெட்டுனது ஐயம்பெருமாள் கொத்தனாரு. கெட்டச் சொன்னது நானு. இன்னொரு வெள்ளத்துக்கு முங்கக் கூடாதுன்னு மோட்டாரையும் பம்பையும் சேத்து நாலடி தூக்கி வச்சு, கீழ பைப்பையும் நீட்டிட்டோம். ஆபீசுக்குச் சொல்லல. சொன்னா அதையும் மேல எழுதிப் போடுவாங்க. பழைய மேடை மாதிரியே நீலப் பெயிண்டு அடிச்சு, அதுல போட்டிருந்த பழைய வருசத்தையும் நானே எழுதி வச்சேன். அதாம் நீங்களும் டேப்பு வச்சி அளக்காம பேப்பர்ல உள்ள ஒசரத்தையே போட்டுட்டிய.

காலைலயே சொல்லிருக்கணும். சொன்னா என் வேலை போவும்லா, அதாம் வேற என்னத்தையெல்லாமோ பேசிட்டுக் கெடந்தேன்.

நாலடி கூட மேல உறிஞ்சணும்லா, அதாம் அழுத்தம் கொறையுது போல. கம்ப்யூட்டர்ல நாலடியக் கூட்டிப் போட்டு ஓட்டுங்க. ரெண்டு மணி நேரம் ஆவுமா? ஆவட்டும், பைய சாப்பிடுவோம். பொறவு ரிப்போர்ட்டு எழுதும்போது ஞானசௌந்தரின்னு என் பேர முழுசா எழுதுங்க. அந்தப் பன்னெண்டு நாளையும் சேத்து எழுதுங்க மேடம்.